கீல் பக்கம் நின்ற மேனேஜர்

கதவுக்காரர் என்றால் அந்தப் பகுதியில் அவர் ஒருவர்தான். கட்டில், மேசை என்று யாராவது கேட்டு வந்தால், "அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். உரசுகிற கதவு, இறங்கிப்போன கதவு, மழையில் ஊதிக்கொண்டு நிலைக்குள் அடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கதவு, இவைதான் அவர் வேலை. செல்லரித்துப் பாதியாகிப்போன கதவையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் வரும்" என்பார். அவர் புதுசு மாற்றச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. வாடிக்கையாளர்கள் இதைத் தொழில் நேர்மை என்று மெச்சிக்கொண்டார்கள். மனைவிக்குத்தான் விஷயம் தெரியும். எதையும் போதும் என்று விட்டுவிட அந்த மனிதருக்கு மனசு வராது. அவருடைய பனியன் கிழிந்த பிறகு துடைக்கிற துணியாகி, அதுவும் கிழிந்தபின் பாலிஷ் போடுகிற துணியாகி, அதற்கப்புறமும் பட்டறையில் ஆணியில் தொங்கும்.

மனைவி நேர்மாறு. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. பல்லைப் பிடுங்க வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்ததும் எழுந்து ஓடாமல் பிடித்து உட்கார வைப்பது அந்தம்மாவின் பொறுப்பு. "இன்னைக்கே எடுத்துடலாம்" என்று அவர் சொல்கிற தொனியில் பாதிப் பல் தானாகவே விழுந்துவிடும் என்று பேசிக்கொள்வார்கள்.

இவர்களிடம் ஒரு நாய் இருந்தது. பெயர் மேனேஜர். குட்டியாகப் பட்டறைக்கு வந்த அன்றே அங்கிருந்த ஒரே நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு, யார் வேலை செய்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தியிருக்காது. அன்றிலிருந்து கதவுக்காரர் நின்றுகொண்டே சாப்பிடப் பழகினார்.

வயதானதும் அதற்கு ஓய்வு கொடுத்து வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற மேனேஜர்கள் பலரையும் போல அதற்கும் பொழுது போகவில்லை. பீரோவைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. தட்டைப் பளபளவென்று நக்கி முடித்த கையோடு, இந்த வீட்டில் சாப்பாடே போடுவதில்லை என்கிற முகத்தோடு வந்து நிற்கும். அந்தம்மா போட்டுவிட்டு வேலைக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் கதவுக்காரர் மறுபடி போடுவார். ஞாபகம் போனதில் லாபம் பார்த்த ஜீவன் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் கதவு விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற மாதிரி இல்லை. சமையலறையிலிருந்து பின்பக்கம் போகிற கதவின் முன்னால் போய், திறக்கிற பக்கம் நிற்காமல், கீல் இருக்கிற பக்கத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. கீல் பக்கம் எந்தக் கதவு திறக்கும்? ஆள் போய்ப் பிடித்துத் திருப்புகிறவரை முனகிக்கொண்டே நிற்கும். வெளியே போய்ச் செய்யவேண்டிய காரியம் அதற்குள் உள்ளேயே முடிந்திருக்கும்.

நாய் டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "வயசானவங்களுக்கு மறதி நோய் வருதுல்ல சார், அதேதான். மாத்திரை தர்றேன், கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். குணமாகாது. நல்ல நாள் எது, கெட்ட நாள் எதுன்னு ரெண்டு பேரும் கவனிச்சுட்டு வாங்க. கெட்ட நாள் அதிகமாயிட்டா சொல்லுங்க. வலி இல்லாம அனுப்பி வெச்சிடலாம்."

கடைசியில் சொன்னதைக் கதவுக்காரர் காதில் வாங்கவே இல்லை. "கீல் பக்கமே போய் நிக்குதே, டாக்டர்" என்றார்.

"ஆமா சார், இந்த நோய் வந்தா அப்படித்தான் நிக்கும்."

"அப்ப கீலை மாத்திடறேன்."

அன்று மாலையே மாற்றிவிட்டார். கதவைக் கழற்றி, கீல்களை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து பதித்து, பழைய பள்ளங்களை மரத்துண்டு வைத்து அடைத்து, தடம் தெரியாமல் இழைத்து விட்டார். மறுநாள் காலையில் மேனேஜர் வழக்கமான இடத்தில் போய் நிற்க, கதவு அதன் மூக்குக்கு நேராகத் திறந்தது. அது நடந்து வெளியே போன தோரணையைப் பார்த்துக் கதவுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

சற்று நேரத்தில், துவைத்த துணி நிறைந்த வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அந்தம்மா வந்தார். வழக்கம்போல் இடுப்பால் கதவை ஓர் இடி இடித்தார். கதவு அசையவில்லை. வாளிதான் கவிழ்ந்தது.

"இத்தனை வருஷமா இந்தப் பக்கம்தானே தெறந்துச்சு?"

"மேனேஜருக்கு அந்தப் பக்கம்தான் சௌகரியமா இருக்கு."

"அப்ப என் சௌகரியம்?"

"நீ பழகிக்குவே. அதால இனிமே பழக முடியாதுல்ல."

நியாயமான பதில்தான். அதனால்தான் அந்தம்மாவுக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அந்தம்மா பழகி முடிக்கிற சமயத்தில் மேனேஜர் பக்கம் மாறிவிட்டது. மறுபடியும் கீல் பக்கம். கதவுக்காரர் சளைக்கவில்லை. எந்தப் பக்கம் முட்டினாலும் திறக்கிற மாதிரி கதவின் நடுவில் ஸ்பிரிங் அச்சு வைத்தார். மேனேஜர் தலையால் முட்டி வெளியே போனது. கதவு திரும்பி வந்து அதன் பின்புறத்தில் ஒன்று வைத்தது. அது திரும்பி உறுமி முட்ட, கதவு மறுபடி வைக்க, இரண்டுக்கும் நடுவே புகுந்து விலக்கப்போன கதவுக்காரருக்கு இரண்டு பேரிடமிருந்தும் கிடைத்தது. கதவையே கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அப்புறம் மற்ற அறைக் கதவுகளும் ஒவ்வொன்றாகப் போயின. குளியலறைக்குள் நுழைந்த மேனேஜர் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, தானே அதைச் சாத்தி அலறிய அன்று அந்தக் கதவும் போயிற்று. அங்கே ஒரு திரை தொங்கியது. ஊருக்கெல்லாம் கதவு போடுகிற மனிதரின் வீட்டில் வாசல் கதவு மட்டும்தான் மிச்சம்.

அந்தம்மாவின் அண்ணன் ஒரு தடவை தங்க வந்தார். "உள்ள இருக்கும்போது ஏதாவது பாடிக்கிட்டே இருங்க மச்சான், ஆள் இருக்குன்னு தெரியும்" என்று சொல்லிக் கதவுக்காரர் அவரைக் குளியலறைக்கு அனுப்பினார். மச்சானுக்குப் பாட்டு வராது, தெரிந்த மட்டும் பாடினார். பாட்டைக் கேட்டு மேனேஜர் திரையை விலக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்து, முழுவதையும் மரியாதையாகக் கேட்டது. மச்சான் மறுநாளே கிளம்பிவிட்டார்.

வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு வழக்கு நடந்தது.

"இன்னைக்கு கெட்ட நாள்" என்பார் அந்தம்மா. "பொழுதன்னைக்கும் பீரோவைப் பார்த்துக் குரைச்சுச்சு."

"குரல் கணீர்னு இருந்துச்சே. நல்ல நாள்தான்."

"படுத்த இடத்துலயே போயிடுச்சு."

"கிட்னி நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவர் தீர்ப்பில் கெட்ட நாள் என்று ஒன்று வரவே இல்லை. அந்தம்மாவுக்கு நாயைவிட அவரைப் பற்றித்தான் பயம். இப்படியே இழுத்துக்கொண்டு போய், ஒரு நாள் அது துடித்துச் சாவதைப் பார்த்தால் இந்த மனிதர் தாங்க மாட்டார் என்று பயந்தார்.

ஒரு நாள் கதவுக்காரர் வேலையிலிருந்து திரும்பியபோது, சமையலறையில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தது. கதவில்லாத பின்வாசல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலிருந்த சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, நான்கு காலும் நடுங்க, சுவர் திறக்கும் என்று அது காத்திருந்தது. தரையெல்லாம் ஈரம். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறதோ தெரியவில்லை. "வாடா" என்று அவர் முதுகில் கை வைத்தார். அது துள்ளித் திரும்பிப் பல்லைக் காட்டியது. பிறகு மூலையில் ஒடுங்கி, வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்தது. அதன் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

கழற்றுவதற்கு அங்கே இனி ஒன்றும் இல்லை. கதவுக்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். ஒளிந்து அழ அந்த வீட்டில் ஒரு கதவு கிடையாது. வேலை முடிந்து வந்த மனைவி பார்த்துக்கொண்டிருக்கவே அழுதார்.

நான் அப்பவே சொன்னேன் என்று அந்தம்மா சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "கெட்ட நாள் அதிகமாகட்டும்னு காத்திருந்தா, அது போற அன்னைக்கும் இப்படித்தான் பயந்துக்கிட்டே போகும்" என்று மட்டும் சொன்னார்.

கதவுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "ஒரு நாள் நல்லா விடியட்டும் டாக்டர், கூப்பிடறேன். வீட்டுக்கே வந்துடுவீங்களா?"

"நல்லா விடிஞ்சாவா சார்? இல்ல, மோசமா இருந்தாவா?"

"நல்லா விடிஞ்சா."

இப்போது வழக்கு தலைகீழாக மாறியது. காலையில் எழுந்ததும் கதவுக்காரர் நாயைப் பார்ப்பார். "இன்னைக்கு நல்லா இருக்கு போலிருக்கே" என்று மெல்ல இழுப்பார். அந்தம்மா பாய்ந்து வருவார்.

"எங்க நல்லா இருக்கு? பீரோவைப் பார்த்துக் குரைக்குது பாருங்க."

"வாலை ஆட்டுதே."

"அது சும்மா ஆட்டுது. கணக்குல வராது."

ஊரார் பல்லை எல்லாம் ஒரே நாளில் எடுக்க வைத்த அம்மா, எந்த நாளும் இன்று வேண்டாம், எதுவும் நல்ல நாள் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினார். கதவுக்காரரும் தோற்றுப்போவதில் வருத்தப்படவில்லை.

அப்படியும் ஒரு நாள் நன்றாக விடிந்தது. மேனேஜர் தட்டைக் காலி செய்தது. பின்வாசலைத் தானாகவே கண்டுபிடித்து வெளியே போய், வெயிலில் புரண்டு, மண்ணோடு திரும்பி வந்தது. பீரோவைக் கடந்து போகும்போது அதைச் சட்டைகூடச் செய்யவில்லை. கதவுக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா ஏதோ குறை சொல்ல வாயைத் திறந்து, எதுவும் கிடைக்காமல் மூடிக்கொண்டார். பல் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, நாயின் முதுகு மண்ணைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

டாக்டரம்மா பெட்டியோடு வந்து, வெயிலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரொம்ப நல்லா இருக்கே சார்" என்று தயங்கினார்.

"அதனாலதான் கூப்பிட்டேன்."

"நாளைக்கு வெச்சுக்கலாமே" என்றார் மனைவி. சொல்லிவிட்டு, மண் போன முதுகையே மறுபடி தட்டிவிட்டார்.

கதவுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து கையைக் காட்டினார். மேனேஜர் வந்து அதை மோந்து பார்த்தது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஓரிடம் விடாமல் மோந்தது. பிறகு அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது.

"உங்களைத் தெரிஞ்சுக்கிச்சு" என்றார் மனைவி.

அவர் தலையாட்டி மறுத்தார். தெரிந்த கையை அது இவ்வளவு நேரம் மோந்து பார்த்ததில்லை. "இல்ல. யாரோன்னுதான் நெனச்சிருக்கு." சொல்லிவிட்டு அதன் காது மடலை நீவிக்கொடுத்தார். "யாரோன்னு நெனச்சும் தலைய வெச்சிருக்கு பாரு."

டாக்டரம்மா பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து வைத்தார். கதவுக்காரர் அதன் காதை இன்னும் கொஞ்ச நேரம் நீவினார்.

"சரி, டாக்டர்" என்றார்.