நடு வரிசை

அளவு நாடாவின் ஒரு நுனியைச் செருப்பால் மிதித்துக்கொண்டு, மறுநுனியை அடுத்த பரல்வரை இழுத்தார் எமில்ராஜ். ஐந்தரை அடி. சரி. ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டு நின்றாலும் இந்த அளவு பாராமல் வாசல் தாண்டமாட்டார்.

கொக்குவிலில் தண்ணீர்க் குழாய் பொருத்துவது அவர் தொழில். வீட்டுக்கும் விளையாட்டுக் கழக மைதானத்துக்கும் இடையிலுள்ள தன் காணியில் நீலப் பிளாஸ்டிக் பரல்களை, அதாவது தண்ணீர்ப் பீப்பாய்களை, அடியில் மண் நிரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முன்னும் பின்னுமாக மூன்று வரிசை நிறுத்தியிருக்கிறார். ஊர் சிரிக்கிறது.

"வடிவுக்கு வைக்கேல்லை. மதில் கட்டினா சத்தம் மேலாலை ஏறி வரும். இது ஒரே கணக்கிலை நிண்டா, ஒண்டிலை பட்டு மற்றதிலை பட்டுத் தனக்குள்ளையே அடிபட்டுப் போகும்" என்பார். கைபேசியில் பார்த்துப் படித்த வித்தை.

எல்லாம் மனைவி ஜெனிற்றாவுக்காக. பாட்டுப் பெட்டிகள் 'தும் தும்' என்று இடித்தால் அவருக்கு ஷெல் விழுந்த காலம் திரும்பிவிடும். கை நடுங்கும், பேச்சு நின்றுபோகும், இரண்டு நாள் சோறு இறங்காது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கழகத்துக்கு நடந்து எமில்ராஜின் கால்தான் தேய்ந்தது. "ஒருநாள்தானே அண்ணை" என்பார்கள். அந்த ஒருநாள் வருடத்தில் பதினைந்து தரம் வருகிறது. ஒரு மனுசியை நடுங்கவைத்துத்தான் இவர்களுக்குக் கொண்டாட்டம் வேண்டுமா?

பரல்கள் கைகொடுத்தன. போன மாத விழாவன்று ஜெனிற்றா குசினியில் இருந்து புட்டு அவித்தார். எமில்ராஜ் இதைப் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் மூன்று தரம் சொல்லிவிட்டார்.

அப்படி அளந்துவிட்டுப் போன அந்த ஞாயிறு கழகத்தின் ஆண்டுவிழா. இருவரும் பூசை முடிந்து வந்தபோது நடு வரிசை முழுவதையும் காணவில்லை. மண்ணைக் கொட்டிவிட்டுப் பரல்களை உருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மைதானத்தில் அவற்றின்மேல் பலகை பரப்பி மேடை போட்டாயிற்று. மேடையில் ஆளுயர ஒலிபெருக்கிகள். எமில்ராஜ் அங்கே விரைந்தார்; நானும் கூடப் போனேன்.

கழகச் செயலாளர் கஜீபன் சிரித்தபடி வந்தான். "உது சும்மா நிண்ட பரல்தானே அண்ணை. விழா முடியத் திருப்பி வைப்பம்."

"தம்பி, என்ரை மனிசிக்கு..."

சொல்லி முடிக்கவில்லை. ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்த்தார்கள். தரை அதிர்ந்தது.

எமில்ராஜ் வீட்டுக்கு ஓடினார். பின்னால் நானும். ஜெனிற்றா அறை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். எமில்ராஜ் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்தார். தலையணையை உள்ளே தள்ளினார். பூசைக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடு முதலில் தான் நுழைந்து, சுவரோரம் ஒருக்களித்துப் படுத்து, மனைவிக்கு இடம் விட்டார்.