பழனிவேலுக்குப் போட்ட மெட்டு

கலியமூர்த்திக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. கடலூர் முதுநகரில் பேண்டு செட் நடத்துகிறவர் அவர். கல்யாணமோ சாவோ, இத்தனை காலமும் அடுத்தவர் போட்ட பாட்டைத்தான் வாசித்திருக்கிறார். கீரப்பாளையத்துப் பழனிவேல் இறந்த பிறகுதான் முதன்முதலாகத் தானே ஒரு மெட்டுப் போட்டார். பழனிவேல் அவர் செட்டில் யூபோனியம் ஊதியவர். நெஞ்சோடு அணைத்து ஊதும், அடிக்குரலில் முழங்கும் பெரிய பித்தளைக் குழல் அது. நாளை கருமாதி. கூட நின்று ஊதியவனுக்கு ஏதோ ஒரு சினிமாப் பாட்டை வாசித்துவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

ஒத்திகையில் கையை உயர்த்தி இறக்கினார். ஒருவரும் ஊதவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பழக்கதோஷத்தில் தொடக்கத்தை யூபோனியத்துக்கே எழுதிவைத்திருந்தார். அந்த ஒற்றைச் சுரம் நீண்டு நின்றால்தான் கிளாரினெட்டுகள் அதன்மேல் ஏற முடியும்.

"நான் டிராம்போன்ல புடிச்சிடறேன் மாஸ்டர்" என்றான் தங்கராசு. பழனிவேலுக்குப் பக்கத்தில் நின்று, அந்த இழுப்புக் குழலை ஊதுகிறவன்.

"அது பழனிவேலு சத்தம்டா. ஒனக்கு வராது. என் காதுக்குத் தெரியாதா?"

தங்கராசு டிராம்போனை இறக்கிக் கீழே வைத்தான்.

பழனிவேலின் குழலையே இரவல் வாங்கித் தானே ஊதுவது என்று முடிவுசெய்து, தங்கராசுவையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். வழியெல்லாம் யோசனைதான். துக்க வீட்டில் போய்க் குழலைக் கேட்பதா? கொடுத்தாலும், கிளாரினெட் பழகிய தன் உதட்டுக்கு அது மசியுமா? மசியாவிட்டால் மெட்டு தொடங்கும் முன்பே செத்துப்போகும், அதுவும் ஊர் பார்க்க.

கீரப்பாளையத்து வீட்டில், கேட்டதும் பழனிவேலின் மனைவி தமிழ்ச்செல்வி கட்டிலுக்கடியிலிருந்து குழலை இழுத்து முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. தீபாவளிலேர்ந்து அது சும்மாதான கெடக்குது."

"என்னம்மா சொல்ற? தை மாசம் நெல்லிக்குப்பம் கல்யாணத்துல ஊதுனானே. நான் கேட்டனே."

"படுத்தா மூச்சு முட்டுதுன்னு தலகாணிய அடுக்கி, சாஞ்சே தூங்குன மனுசன். அவரு எங்க ஊதறது? வாயில வெச்சி கன்னத்த உப்புனதோட சரி." தங்கராசுவைக் காட்டினாள். "அவருக்குப் பதிலா டிராம்போன்ல ஊதுனது இவுரு. செட்டுக்கு வராதன்னு நீங்க சொல்லிட்டா ஆளு அப்பவே படுத்துடுவாருன்னு, நான்தான் வாய மூடிக்கச் சொன்னேன்."

கலியமூர்த்தி தங்கராசுவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அப்ப நீ ஊத வேண்டிய பாட்ட யார்றா ஊதுனது?"

"யாரும் ஊதல மாஸ்டர். அதயும் நீங்க கேக்கல."

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலியமூர்த்தி குழலைத் தானே கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தார்.

மறுநாள் பந்தலில் தொடக்கத்தைத் தங்கராசுவின் டிராம்போனுக்கே கொடுத்துவிட்டுக் கையை உயர்த்தினார், இறக்கினார். சத்தம் வரவில்லை. தங்கராசு டிராம்போனை வாயில் வைத்தபடி, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழனிவேல் கன்னத்தை உப்புகிற நேரம் பார்த்து ஊதியே பழகிவிட்டவன். இப்போது எப்போது தொடங்குவதென்று தெரியாமல் திகைத்தான்.

கலியமூர்த்திக்குப் புரிந்தது. இரண்டு எட்டு நகர்ந்து அந்த இடத்தில் போய் நின்றார். தங்கராசுவைப் பார்த்துத் தன் கன்னங்களை உப்பினார்.

சுரம் எழுந்தது.