ஆஸ்பத்திரி வராந்தாவில் கரும்பு நட்டவன்

டாக்டர், என் தம்பியை நீங்கள் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தீர்கள், அவர் பேசியதற்குச் சிரித்தீர்கள், டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினீர்கள். அதனால் அவனுக்கு ஒரு வருஷம் போயிற்று.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு மூன்று முடிந்திருந்தது, பேச்சு வரவில்லை. பாகூர் பக்கம் எங்கள் நிலத்தில் கரும்பு நடவு நடந்துகொண்டிருந்தது. விதைக் கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கிய கரணையை உழுத சாலில் படுக்க வைக்க வேண்டும். முளை வரும் பரு பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஆட்கள் அவசரத்தில் எப்படியோ போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அப்பா கத்திக்கொண்டே இருப்பார். அன்று அவர் கத்தல் திடீரென்று நின்றது.

தம்பி சாலில் உட்கார்ந்து கரணை வைத்துக்கொண்டிருந்தான். முனையோடு முனை முட்டி, நூல் பிடித்த மாதிரி. ஒரு பருகூட மேலேயோ கீழேயோ இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நடவுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வில்லியனூரில் தேர் முதல் அசைவு அசையும்போது அப்படி வரும்.

சித்தப்பா சும்மா இருப்பாரா? "மேஸ்திரி வேலய செக் பண்றேன்" என்று ஒரு கரணையைத் திருப்பி வைத்தார். தம்பி சேற்றில் விழுந்து அலறினான். அதைப் பழையபடி வைத்த பிறகுதான் ஓய்ந்தான்.

"மேஸ்திரிக்குக் கோவத்தப் பாருடா! நாளையிலிருந்து டபுள் கூலி!" என்றார் சித்தப்பா.

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கத்தியும் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. தூரத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்த சத்தத்துக்கு மட்டும் சட்டென்று தலையைத் தூக்கினான்.

"காது நல்லாத்தான் கேக்குது. நாமதான் அவனுக்குக் கேக்கல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்தோம். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. "சாமானெல்லாம் வரிசையா அடுக்கிக்கிட்டே இருப்பானா?" அப்பாவுக்கு அது பிள்ளையை வீணாகப் பொழுது போக்குகிறவன் என்று சொல்கிற மாதிரி பட்டது. ரோஷம் வந்துவிட்டது.

"அந்த வெட்டி வேலையெல்லாம் கிடையாதுங்க சார். கரும்பு நடுறான்! எங்க ஆளுங்கள வுட சுத்தமா நடுறான்."

"விவசாயி புள்ள பின்ன எப்படி இருப்பான்?" என்று சிரித்தீர்கள்.

அம்மா, "கூப்ட்டா திரும்ப மாட்றான் சார்" என்று ஆரம்பித்தாள்.

"ஆம்பள புள்ள லேட்டாதாம்மா பேசும். நீங்க பயந்து அவனையும் பயமுறுத்தாதீங்க."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அப்பா வழியெல்லாம் 'என் மேஸ்திரி' என்று அவனைக் கொஞ்சிக்கொண்டு வந்தார்.

அந்தக் கரும்பு வளர்ந்து, வெட்டி, லாரி ஏறிப் போய், அடுத்த நடவும் வந்தது. தம்பிக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கேட்டபோதெல்லாம், "நீ இன்னா டாக்டருக்கு மேலயா?" என்றார் அப்பா. கடைசியில் அவள் கேட்பதை நிறுத்தினாள். ஒரு சாக்கில் கரணையை அள்ளிக் கட்டினாள். தம்பியையும் என்னையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரியில் போய் இறங்கினாள்.

"இன்னாம்மா, இது கரும்பு விக்கிற எடமா?" என்று வாட்ச்மேன் மறித்தார்.

"விக்கலண்ணா. டாக்டருக்குக் காட்டணும்."

"அவங்களுக்குக் கடிக்கப் பல்லு இருக்குதான்னு கேட்டுட்டு வரேன், இரு."

அவர் உள்ளே போனதும் அம்மா சாக்கை வராந்தாவில் கொட்டினாள். தம்பி உட்கார்ந்தான். சுவர் ஓரமாகக் கரும்பு வரிசை நீண்டுகொண்டே போனது. மருந்துக்கு நின்ற கூட்டம் தானாக விலகியது. ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர்கூடச் சுற்றிக்கொண்டு போனார்.

வாட்ச்மேனோடு ஓர் இளம் டாக்டரம்மா வந்தார். திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு கரணையை எடுத்து நீட்டினார். அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் கரணையை மட்டும் வாங்கிக்கொண்டான். பிறகு அவர் அம்மா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை அம்மா சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. இன்னும் சில தடவை வரச் சொல்லிச் சோதித்த பிறகுதான் ஆட்டிசம் என்றார். பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும் என்றார்.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா."

"வந்தோங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

கரும்பை அப்படி வைக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பட்டம்தான் ஆட்டிசம் என்று நான் நினைத்தேன். அன்று திரும்பும்போது பஸ்ஸில், "எங்க தம்பிக்கு ஆட்டிசம் குடுத்திருக்காங்க!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெருமை தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன். "வந்தோங்க" என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி, "தண்ணி வேணும்" என்று கேட்க ஒன்பது வயது ஆயிற்று.

டாக்டர், எங்கள் ஊர் இலவச முகாமுக்கு நீங்கள் இன்னும் வருகிறீர்கள். சால்வை போடுகிறார்கள், மைக் கொடுக்கிறார்கள். அடுத்த தடவை அந்த மைக்கிலேயே சொல்லுங்கள். பெற்றவள் பேச ஆரம்பித்தபோது நீங்கள் ஏன் கேட்கவில்லை? ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.