தூக்கில் செத்த சின்னம்மா வீடு திரும்பியது

எங்கட கண்ணகை சின்னம்மா கை ஓங்கினால் வாவியில் மீனெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும். சீமையில் ராசாமார் முடியைக் கழற்றி மடியில் ஒளித்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட அடிகாரி பூலோகத்தில் இல்லை.

அவ என்ட அம்மாவின் தங்கச்சி. புருசன் சாமித்தம்பியின் உதை தாங்க ஏலாமல், எங்கட ஊர் ஆரையம்பதிக்கு வந்த நாடகக்காரரோடு மதராசுக்குப் போனவ. அங்கே பேசும்படம் பிடிக்கிறவர்கள் இவவின் முழியைப் பார்த்ததும் பொல்லாத பொம்பிளை வேசமெல்லாம் இவவுக்கே கொடுத்தார்கள். ஒன்றில் மாற்றாந்தாய், பிள்ளையைக் கிணற்றில் தள்ளினா. இன்னொன்றில் மாமி, மருமகளுக்குச் சூடு வைத்தா. கடைசியில் யானை மிதிக்கும், இல்லாட்டிப் பாம்பு கொத்தும். கதாநாயகி பாடுவா, சின்னம்மா சாவா. அதுதான் தொழில்.

உலகச் சண்டை தொடங்கினதோடு கடிதம் நின்றது. மறுகா ஊருக்கு ஒரு கூடாரப் படம் வந்தது. திரையில் சின்னம்மாவைத் தூக்கில் போட்டார்கள். கால் உதறியது, நாக்குத் தள்ளியது. சனம் மாரில் அடித்துக் குழறியது. கூத்தில் செத்தவன் விடிய எழும்பி வேசம் கலைப்பான், அது எங்களுக்குத் தெரியும். இது படமல்லவா! நடக்காததை எப்படிப் படம் பிடிக்கிறது? ஊர்கூடி எட்டாம் நாள் சடங்கும் செய்தது. நான் வடை தின்னப் போனேன்.

சாமித்தம்பி உடனே இன்னொருத்தியைக் கூட்டிவந்து சின்னம்மாவின் சீதன வீட்டில் வைத்தான்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முற்றத்தில் மா இடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியும் கையுமாய்ச் சின்னம்மா படலையைத் திறந்தா.

"பேய்!"

கல் பறந்தது. நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சாமித்தம்பி வேப்பங்கொப்பால் முகத்தில் விளாசினான்.

"செத்தவளுக்கு என்னடி வீடு? சுடலைக்குப் போ!"

"என்ட அம்மா தந்த வீடு. நீ வெளிய போடா!"

கை ஓங்கி வீசினா. மதராசில் பழகின கை. கன்னத்துக்கு ஒரு நெல்மணி தூரத்தில் தானாய் நின்றது. படத்தில் அடித்தால் படக்கூடாதாம்.

சாமித்தம்பி சனத்தைப் பார்த்துச் சிரித்தான். "பேய்ட அடி வெறும் காத்துத்தான்!"

அந்தச் சிரிப்புக்குத்தான் உலக்கை விழுந்தது. முதலில் முழங்காலில், மறுகா வாயில். பல் மாவுக்குள் தெறித்தது.

"ஐயோ, இவள் உயிரோடதான் இருக்காள்!" என்று அவன் குழறினபிறகுதான் ஊர் நம்பியது. அவன் கூட்டிவந்தவள் பாயைச் சுருட்டினாள். அவனும் நொண்டிக்கொண்டு பின்னால் போனான்.

இவ்வளவையும் எழுதி, அவ வீட்டிலேயே வாசித்துக் காட்டினேன். நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டு கேட்டா.

"எனக்குப் பிள்ளை இல்ல. மகன் செய்யிற கடமையை ஆர் செஞ்ச எண்டு எழுதல்லயே?"

"ஆரோ செஞ்சாங்க, சின்னம்மா."

என் தலைத்துண்டைப் பறித்தா. மயிர் இன்னும் முள்ளாய்த்தான் நின்றது.

"பேன் தொல்லை," என்றேன். "அதான் மொட்டை வழிச்சன்."

"ஓம். பேன் கடிச்சா இப்பிடிக் கண்ணால தண்ணி வருமா, மகனே?"