சின்னம்மா கொடுத்த எச்சில்

அக்கா பேரன் தரையிலிருந்து எழுந்திருக்கிற விதத்தைப் பார்த்து முதலில் சிரித்தவன் நான்தான். குப்புறப் படுத்து, இடுப்பைத் தூக்கி, முழங்காலில் கையை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே தான் ஏறி நிற்பான். அப்போது அவனுக்கு நாலு வயது.

"இவன் என்னைய மாதிரிடி. அம்பது வயசுல நானும் இப்பிடித்தான் எந்திரிக்கிறேன்" என்றேன். அக்கா மகளும் சிரித்தாள்.

அது தசை கரைகிற நோய், அம்மா வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிப்பது என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். அக்கா இப்போது உயிரோடு இல்லை. மாப்பிள்ளை குவைத்தில். கூடப் போக ஆள் என்றால் தாய்மாமன் நான்தான். புதுக்கோட்டையில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மாதா சப்பரம் என்று எல்லா இடத்திலும் நாலு ஜோக் சொல்லி வயிறு வளர்ப்பவன். மரபணு விஷயம் பேச இதைவிடத் தகுதியான ஆள் மாவட்டத்திலேயே கிடைக்கமாட்டான்.

கவுன்சிலர் வருவார் என்றார்கள். வார்டு கவுன்சிலரை மட்டுமே தெரிந்த நான் எழுந்து கும்பிடு போட்டேன். வந்தது, பரம்பரை வியாதிகளை விளக்கிச் சொல்கிற, என் மகள் வயதில் ஒரு பெண்.

"பையனோட ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கு சார். ஆனா அதுதான் நோய்க்குக் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியல" என்றாள்.

"ஏம்மா?"

"இதே மாற்றம் வேற யார்கிட்ட இருக்கு, அவங்க எப்பிடி இருக்காங்கன்னு பாத்துத்தான் சொல்லுவோம். கையில இருக்கிறது பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்களோட கணக்கு. உங்களை மாதிரி ஆளுங்களோடது ரொம்பக் கம்மி."

ஓட்டுக் கேட்கவும் கோயில் வரி கேட்கவும் ஒரு வீடு விடாமல் வருவார்கள். எல்லாக் கணக்கிலும் நாங்கள் உண்டு. இந்த ஒரு கணக்கில் மட்டும் நாங்கள் பிறக்கவே இல்லை. காரணம் உறுதியாகாமல் வயிற்றுப் பிள்ளையைச் சோதிக்கமாட்டார்களாம். அதற்கு ஒரு காலக்கெடு வேறு.

திரும்புகிற பஸ்ஸில் அக்கா மகள் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கல மாமா. இருக்குங்கிறாங்க, ஆனா தெரியலங்கிறாங்க."

"ஆம்ப்ளிஃபையர் கரகரங்குதுன்னு வையி. பிரிச்சா, ஒயர்ல ஒரு ஒட்டு இருக்கு. கரகரப்பு அதனாலதான்னு எப்பிடிச் சொல்றது? அதே ஒட்டு இருக்கிற இன்னொரு செட்டத் தேடணும். அது நல்லாப் பாடுச்சுன்னா ஒட்டு மேல தப்பில்ல. அதுவும் கரகரன்னா ஒட்டுதான் களவாணி. வெளிநாட்டு செட்டையெல்லாம் பிரிச்சுப் பாத்து வச்சிருக்காங்க. நம்மூரு செட்ட யாரும் பிரிக்கவே இல்ல."

கீரனூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்ப நம்ம வீட்டு செட்டைப் பிரிங்க மாமா. எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள். தெரிந்து என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகிற குடும்பத்தில் அதை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

முதலில் என் எச்சிலை எடுத்தார்கள். கெட்டியாக இருக்கிற ஆம்பளையிடம் அதே மாற்றம் இருந்தால் அது நிரபராதி. என்னிடம் அது இல்லவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சோதனையில் என் மேல் குறையில்லை என்று வந்தது. அது ஒருவருக்கும் பயன்படவில்லை. மாற்றம் பாதிப் பேருக்குத்தான் இறங்குமாம். இனி நோய் உள்ள ஒருவர் வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

ஒருவன் இருந்தான். ஆவூர்ப் பக்கம் இருக்கும் என் சின்னம்மாவின், அதாவது அம்மாவின் கூடப் பிறந்த தங்கையின், மகன். இருபதைத் தாண்டியவன், பல வருடமாக உள்ளறைக் கட்டிலோடு கிடப்பவன். பள்ளிக்கூடத்தில் விழுந்ததால் கால் போனது என்பது எங்கள் குடும்ப வரலாறு.

நான் போன நேரம் சரியில்லை. அவன் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அந்த ஞாயிறுதான் கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்பார்கள். யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அந்த மூன்று வாரமும் பெண்ணைப் பெற்றவள், கோயிலில் எவர் இருமினாலும் திரும்பிப் பார்ப்பாள்.

"சின்னம்மா, தம்பியோட எச்சி கொஞ்சம் வேணும்" என்றேன்.

"குடிச்சிருக்கியாடா?"

விவரம் சொன்னேன். ஆம்ப்ளிஃபையர், ஒட்டு எல்லாம் சொன்னேன். சின்னம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"மூணு ஓலையும் முடியட்டும். அப்புறம் எச்சியென்ன, ரத்தத்தையே எடுத்துட்டுப் போ."

"அதுக்குள்ள அவளுக்கு நாள் தாண்டிரும்."

"இவனுக்குப் பரம்பரை வியாதின்னு தெரிஞ்சா எவன்டா என் மகளுக்குத் தாலி கட்டுவான்?"

"யாருக்கும் தெரியாது சின்னம்மா."

"மைக்க வச்சுப் பொழைக்கிறவன் நீ. ஒன் வாயில நிக்குமா?"

அழுதுவிட்டேன். நான் அழுது சின்னம்மா பார்த்ததில்லை. அதையும் மிமிக்ரி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, எச்சில் பிடிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த டியூபை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது கோடு வரைக்கும் நிறைந்திருந்தது. பஸ்ஸில் அதை மாதா சுரூபத்தைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

சில நாள் கழித்து ஒரு புதுமனை புகுவிழாவில் ஏணிமேல் நின்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கவுன்சிலர் பெண்ணின் போன் வந்தது.

"சார், அந்த சாம்பிள் ஒரு பெண்ணோடது."

"இல்லம்மா, எங்க தம்பியோடது."

"பெண்ணோடதுதான் சார். டெஸ்ட்ல தெரிஞ்சிரும். யாரோடதுன்னு தெரியாம நாங்க எதையும் பாக்கக்கூடாது. தூக்கிப் போட்டுட்டோம்."

ஏணியிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரியில் இன்னொரு டியூப் வாங்கிக்கொண்டு ஆவூருக்குப் பஸ் ஏறினேன். போய் நின்றபோது சின்னம்மா மறுக்கவும் இல்லை.

"நீதானே சொன்ன, அம்மா வழியா வருதுன்னு. அம்மா குடுத்துட்டேன். என் வயித்துல கெடந்தவன், இன்னைக்கும் நான்தான் ஊட்டுறேன். அவன் எச்சி வேற, என் எச்சி வேறயா? அவன் பேரு எந்தக் காயிதத்துலயும் ஏற வேணாம்னு பாத்தேன்."

எனக்குப் புரிந்த மரபணுவே ஒரு ஒயர் அளவுதான்.

"அண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல். போனேன். தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தான்.

"அம்மா டியூப்புல துப்புனத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு ஒரு வார்த்த சொல்லல. நீங்களும் கேக்கல. வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போயிட்டீங்க."

"தப்புத்தான்டா."

"நான் விழுந்ததாலதான் இப்பிடி ஆச்சுன்னு இத்தன வருசமா நெனச்சுக் கெடக்குறேன். குடுங்க அந்த டியூப்ப."

துப்புவதற்கும் தசை வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. நடுவில் களைத்துப் போய், "ஒங்க ஆம்ப்ளிஃபையர வச்சு இதக் கொஞ்சம் ஏத்திவிட முடியாதாண்ணே?" என்றான். சின்னம்மா அவன் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றே திருச்சிக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் டியூபைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"ரிசல்ட் கட்டாயம் வரும் சார். ஆனா அதுக்குப் பிறகு வயித்துப் புள்ளைய டெஸ்ட் பண்றதுக்கு நாள் இருக்காது." டியூபில் சீட்டு ஒட்டிக்கொண்டே, "ஒங்க குடும்பத்துல அடுத்து வர்றவங்களுக்கு இது ரொம்ப உதவியா இருக்கும்" என்றாள். நல்ல மனசுப் பெண். அவளும் வேறு என்னத்தைச் சொல்வாள்?

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா மகள் பையனின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"தாண்டிருச்சா மாமா?"

"தாண்டிருச்சும்மா."

அவள் அழவில்லை. எண்ணெய்க் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று, அந்தப் பெண் சொன்னதையே அவளிடம் சொன்னேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்று. சொல்லி முடிக்கும்போதே என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடுத்துன்னா யாரு மாமா?"

யோசித்தேன். "சின்னம்மா மக."

"அவளுக்கும் இது இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"மூணாவது ஓலை இந்த ஞாயித்துக்கெழம. சின்னம்மா கொன்னுபோடும்."

"எங்கம்மாவுக்கு யாரும் சொல்லல. எனக்கும் சொல்லல. அவளுக்கும் ஒரு புள்ள பொறந்து, அது எந்திரிக்க முடியாமப் போறப்பத்தான் தெரியணுமா? போன் போடுங்க மாமா. இப்பவே."

சின்னம்மா மகள் திருப்பூரில் கம்பெனியில் வேலை செய்கிறாள். மணி அடித்ததுமே எடுத்தாள். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.

"என்னண்ணே, கல்யாணத்துக்கு மைக் செட் அட்வான்ஸ் கேக்குறீங்களா?"

"தங்கச்சி, கொஞ்சம் தனியாப் போய் நின்னு பேசு. முக்கியமான ஒரு விசயம் சொல்லணும்."

சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், "எங்க அண்ணே. இப்ப ஒண்ணு சொல்லும் பாருங்கடி, சிரிச்சு வயிறு வலிக்கும்" என்று சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.