தக்காளிக்கடியில் மீன்தலைகள்

இந்த ஊரில் குப்பைக்கும் கிழமை உண்டு. கடதாசிக்கு ஒரு நாள், போத்தலுக்கு ஒரு நாள், சமையலறைக் கழிவுக்கு இன்னொரு நாள். சமையலறைக் கழிவை இத்தாலிக்காரர் ‘ஊமிதோ’ என்கிறார்கள், ஈரம் என்று பொருள். வெங்காயத் தோலையும் தேயிலைச் சக்கையையும் உக்கிப்போகும் மெல்லிய பையில் கட்டி மண்ணிறத் தொட்டிக்குள் போடவேண்டும். வந்த புதிதில் இது தெரியாமல் சாதாரணப் பொலித்தீன் பையில் கட்டிப் போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் குப்பை வண்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்க, என்னுடைய பை மட்டும் சிவப்பு ஒட்டுத்தாளோடு வாசலில் கிடந்தது, வகுப்புக்கு வெளியே முட்டுக்காலில் நிற்கவைத்த பிள்ளை மாதிரி. மாடியில் இருந்த அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறினேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். இலங்கையில், பள்ளிவாசல்துறைக்குக் கிட்ட எங்கள் கரையில் குப்பை என்று தனியாக ஒன்று இருந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. கழுநீர் ஆட்டுக்குப் போகும். மீன் குடலில் பூனைக்கும் காகத்துக்கும் போனது போக மிச்சம் தென்னைக்கு. தென்னையைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, தேங்காய் உரித்த பொச்சுமட்டையை அடுக்கி, விலைபோகாத மீனையும் தலையையும் குடலையும் கொட்டி, களப்பில் ஒதுங்கிய பாசியைப் போட்டு மணலால் மூடிவிடுவார்கள். மணல் எதையும் வைத்திருக்காது. கொஞ்ச நாளில் கிண்டிப் பார்த்தால் முள்ளுத்தான் கிடக்கும். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகவேண்டாம் என்று நேவி சொல்லும் நாட்களில் என் வீட்டுக்காரர் அந்தோனிக்கு இதுதான் வேலை. கிடங்கை மூடுமுன் சட்டென்று சிலுவை போட்டுக்கொள்வார். கடலில் வலையை இறக்கும்போது போடுகிற அதே சிலுவை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சண்டை முடிந்த பிறகுதான் நாங்கள் இத்தாலிக்கு வந்தோம். அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அந்தக் கடையைப் பூட்டிய பின் அவருடைய வயதுக்கு வேறு எவரும் வேலை கொடுக்கவில்லை. நான் விடியவே வீடுகள் துடைக்கப் போய்விடுவேன். அவர் ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே தெரிவது அடுத்த கட்டடத்தின் சுவர் மட்டும்தான். ஊரிலிருந்து அவருடைய தம்பி ஜூட் போன் எடுத்தால் ‘சுகம்’ என்ற ஒரு சொல்லோடு போனை என்னிடம் நீட்டிவிடுவார். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அன்றைக்குத்தான் நான் பயந்தேன்.

கோவிலில் பழக்கமான ஒரு அக்கா ‘ஓர்த்தோ’ பற்றிச் சொன்னார். நகரசபை, ரயில் பாதையோரக் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தோட்டம் செய்யக் கொடுக்கிறது. பெயரைப் பதிந்துவிட்டு நெடுங்காலம் காத்திருந்தோம், ஒரு துண்டு கிடைத்தது. அதன் பிறகு அவர் எனக்கு முதலே எழும்பினார். பக்கத்துத் துண்டு புரூனோவுடையது, ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் பசளைப் பெட்டி இருந்தது. அதில் பச்சைக் கழிவு ஒரு அடுக்கு, காய்ந்த இலை ஒரு அடுக்கு என்று போட்டு, இடைக்கிடை புரட்ட வேண்டும், மீன், இறைச்சி, சமைத்த சாப்பாடு கூடாது என்று புரூனோ கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து இரவுச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னார், “தோலும் சருகும் போட்டா மண்ணுக்கு வயிறு நிறையுமா? பாவம், அந்த மனுசனுக்கு விளங்கல்ல.”

பெட்டிக்குள் போடத்தானே கூடாது என்று அவர் எடுத்துக்கொண்டார். சந்தையில் மீன் விற்பவன் தலைகளைச் சும்மா கொடுத்தான். அதைக் கொண்டுபோய்த் தக்காளிக் கன்றுகளுக்கு அடியில், ஊரில் வெட்டும் அதே ஆழத்துக்கு வெட்டித் தாட்டார். என்னிடம் சொல்லவில்லை, சேர்ட்டில் வந்த மணத்தில்தான் பிடித்தேன். பிடித்தும் ஒன்றும் கேட்கவில்லை. கடலால் வந்து படியேறும் மனிதனின் மணம் அது. அந்த மணத்துக்காக நான் ஏங்கிப்போய்த்தான் இருந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இது மணல் இல்லை, களிமண். வாங்கியதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கோடை மழை ஒன்று பெய்து வெயில் எறித்ததும் நாற்றம் கிளம்பியது. ரயில் பாதைப் பக்கமிருந்து வந்த நரியோ பூனையோ கிளறித் தலைகளைப் புரூனோவின் கீரைப் பாத்தி வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தது. விதியை மீறியவர் துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். போகிற வழி முழுக்க என் கண்ணுக்குள் அந்த ஜன்னலடிக் கதிரைதான் நின்றது. தோட்டம் போனால் மனிதர் திரும்பவும் அதில் போய் உட்கார்ந்துவிடுவார், பிறகு எழுப்ப என்னால் முடியாது.

தோட்டக்காரர் சங்கத்தின் தலைவி நல்ல பெண்மணி. எங்களை உட்காரவைத்துக் கோப்பி தந்து, மிகவும் பக்குவமாகக் கேட்டார், இது உங்கள் சமயச் சடங்கா என்று. கிடங்கை மூடுமுன் உங்கள் கணவர் கையால் ஏதோ ஒரு அடையாளம் செய்ததைப் புரூனோ கண்டாராம். சமயம் என்றால் தாங்கள் மதிப்பார்களாம், நகரசபைக்கு எழுதி விலக்குக்கூட வாங்கித் தரலாமாம். இத்தாலியில் வைத்து, ஒரு இத்தாலிக்காரருக்குச் சிலுவை அடையாளம் விளங்கவில்லை. மண் பிடித்த கையால், எங்கள் நிறத்தில் ஒருவர், மீன் தலைக்கு மேலே போட்டால் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் நொந்தும் போனேன். அதே நேரம் அவர்கள் மொழியில் ‘சீ’ என்று ஆமாம் போட்டால் காரியம் முடிந்தது என்றும் மனம் சொல்லிற்று. என்ன கேட்கிறா என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். சொன்னேன். ஓம் என்று சொல்லிவிடட்டுமா என்றும் மெல்லக் கேட்டேன்.

“மீனப் புதைக்கிறதுக்கு என்ன சமயம்? பொய் சொல்லி மண் வாங்க வேணாம்” என்றார்.

பிறகு தானே எழும்பி நின்றார். எனக்குத் தெரிய, கடை பூட்டிய பிறகு வெளி ஆட்களிடம் அவர் இத்தாலிய மொழி பேசியது அன்றைக்குத்தான். “நோ. பேஷே. பொமொதோரோ. இயோ பெஸ்கத்தோரே” என்றார். இல்லை, மீன், தக்காளி, நான் மீன்பிடிகாரன். அவ்வளவுதான் அவரிடம் இருந்த சொற்கள். புரூனோதான் முதலில் வாய் திறந்து, எந்தக் கடல் என்று கேட்டார். இவர் மேசையில் விரலால் இலங்கையைக் கீறி, மேற்குப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் நிலத்தைத் தொட்டுக் காட்டினார்.

முழுவதையும் தோண்டி எடுத்தால் துண்டை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. புரூனோ தள்ளுவண்டியோடு வந்தார். தலைகள் தாட்டபடியே வெளியே வந்தன, உருக் கலையவில்லை. நாற்றத்தில் நான் தள்ளிப் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “எங்கட சாப்பாடு இந்த மண்ணுக்கு இறங்கல்ல” என்றார். எல்லாவற்றையும் சரியான பையில் கட்டி, ஊமிதோ நாளில், மண்ணிறத் தொட்டியில் போட்டோம். அதன் பிறகு அவர் பசளைப் பெட்டியை ஒழுங்காகப் பழகிக்கொண்டார். பச்சை ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு. குளிர்காலத்தில் அதைப் புரட்டும்போது ஆவி எழும்புவதை எனக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். கிழமை தெரியாமல் அவர் கேட்டது அந்த ஒருநாள்தான்.

அடுத்த வருடம் ஊருக்குப் போனோம். கரையில் புதிதாக ஹோட்டல்கள், வெள்ளைக்காரர் களப்பின் மேலே பட்டம் பிடித்துப் பறக்கிறார்கள். முதல் நாள் சமையலுக்கு ஜூட் மீனை வெட்டிவிட்டு, தென்னைக்குக் கொட்டிவிட்டு வரும்படி வாளியை அண்ணனிடம் கொடுத்தார். இவர் மண்வெட்டியோடு போய் வெட்டத் தொடங்கினார், வெட்டிக்கொண்டே போனார். போதுமான ஆழம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. பிறகு சருகைக் கூட்டி அள்ளிக் கிடங்குக்குள் பரவினார்.

“என்ன அண்ணே, தென்னைக்கு மெத்தை போடுறீங்களா?” என்று ஜூட் சிரித்தார்.

குடலைக் கொட்டி மணலை இழுத்து மூடப் போன இவர், பழக்கத்தில் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தினார். நிமிர்ந்து இடப்பக்க வேலியைப் பார்த்தார், வலப்பக்க வேலியையும் பார்த்தார். ஒரு ஆடு நின்றது. அவருடைய காணி, அவர் கையால் வைத்த தென்னை. யாரைப் பார்க்கிறீங்க என்று ஜூட் கேட்டார்.

“ஒருத்தருமில்ல” என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சிலுவை போட்டுக் கிடங்கை மூடினார். குசினி வாசலில் நின்ற நானும் அந்த நேரம் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எவரும் வருகிறார்களா என்று.