தோளில் மிஞ்சிய கை

போன மாதம் ஒரு காலையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆறுமுகண்ணனின் மகள் திவ்யா என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, தோப்பும்படி ஜங்ஷன்ல போர்டுல உங்க படம் வச்சிருக்காங்கல்ல, அதுல உங்க தோள்ல ஒரு கை இருக்கே, அது ஆரோட கை?"

எந்தப் போர்டு, என்ன படம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அப்பா வாசலிலிருந்தே சொன்னார்: "உன் படத்தப் பாத்துட்டுத்தாம்மா இவள ரஷ்யாவுல டாக்டருக்குப் படிக்கச் சேக்கலாம்னு தீர்மானிச்சோம். நம்ம கூட்டத்துப் பொண்ணு டாக்டரா நிக்கிறதப் பாத்தா ஒரு தைரியம்."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஓடினேன். ஏனென்றால் நான் டாக்டர் இல்லை. ரஷ்யாவில் ஆறு வருடம் படித்துப் பட்டம் வாங்கினேன், அது உண்மை. இங்கே திரும்பி வந்து எழுத வேண்டிய தகுதித் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டேன். அதற்குள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, கிடைத்த வேலையில் உட்கார்ந்தேன். எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசையில் இருக்கிறேன். டாக்டர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது என் வேலை. அவர்கள் கையெழுத்து எனக்கு மட்டும் புரிகிறது என்பதில் ஒரு சின்னப் பெருமை உண்டு.

பஸ் தோப்பும்படியில் நின்றதும் இறங்கிவிட்டேன். போர்டு இருந்தது. என்னை ரஷ்யாவுக்கு அனுப்பிய ஏஜென்டின் நீலநிற ஃப்ளெக்ஸ். பின்னால் வெங்காயம் வெங்காயமாகக் கோபுரம் வைத்த மாஸ்கோ தேவாலயம். நான் படித்த நகரம் வோல்கா கரையில் இருக்கிறது, மாஸ்கோவிலிருந்து ரயிலேறினால் ஒரு பகல் முழுக்கப் போதாது. அந்தக் கோபுரத்தை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். நடுவில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான். என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. கீழே மலையாளத்தில் கொட்டை எழுத்தில்: 'இங்கிலீஷ் மாத்ரம் மதி!' என் இடது தோளில் ஒரு கை. மணிக்கட்டோடு அந்தக் கை முடிந்துவிட்டது, அதற்கப்புறம் மாஸ்கோ வானம். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. கல்லெடுக்கத்தான் தோன்றியது.

இந்த 'மதி' என்ற சொல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பவரானால் 'போதும்' என்பீர்கள். நாங்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்தவர்கள். மட்டாஞ்சேரித் தமிழில் போதும் எப்போதோ போய் மதி வந்துவிட்டது. சோறு மதி, சாயா மதி, சண்டை போட்டது மதி. தமிழில் எழுதவே நான் பெரியவளான பிறகுதான் படித்தேன், எனவே ஏதாவது மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்களே தட்டிவிட்டுப் படியுங்கள்.

அந்தச் சொல்லை வைத்துத்தான் அந்த ஏஜென்ட் எங்களை வளைத்தார். பதினோரு வருடம் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட சாயாவைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "மோளே, இங்கிலீஷ் மதி. ரஷ்யன் ஒண்ணும் வேண்டா." அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு வர்ற சீக்காளி என்ன பாஷ பேசுவான்?" ஏஜென்ட் சிரித்தார். அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும் என்றார். படித்தவளான நானும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

விமானம் இறங்கிய இடத்திலேயே லட்சணம் தெரிந்தது. கவுண்டரில் இருந்த அதிகாரி என் தாள்களைப் புரட்டிக்கொண்டே யாரிடமோ போனில் "தா, தா" என்றார். ரஷ்ய மொழியில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். நமக்கு வேறு பொருளாயிற்றே. நான் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்: மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை, கடைசியில் அம்மா கட்டிக்கொடுத்த சிப்ஸ் பொட்டலம்.

விஷயத்துக்கு வருகிறேன். போர்டைப் பார்த்த அன்று வேலைக்கு லீவ் சொல்லிவிட்டு நேராக ஏஜென்ட் ஆபீசுக்குப் போனேன். யூதத் தெரு என்கிற ஜூ டவுன் பக்கம் ஒரு பழைய பண்டகசாலையின் மாடியில் இருக்கிறது. கீழே மூட்டை மூட்டையாக மசாலாச் சாமான்கள், மருந்துச் சாமான்கள். மாடிப்படியின் ஓரத்தில் ஒரு சாக்கு வாய் திறந்து கிடந்தது. சதகுப்பை. அந்த வாசனை ஏறியதும் கோபத்தோடு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டேன்.

சதகுப்பையை இங்கே பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பார்கள். ரஷ்யர்கள் அந்தச் செடியின் தழையை எல்லாவற்றிலும் கிள்ளிப் போடுவார்கள்: சூப்பில், உருளைக்கிழங்கில், வெள்ளரிக்காயில். முதல் வாரம் அந்த நகரம் மொத்தமும் பிரசவம் கழிந்து படுத்திருப்பதாக எனக்குப் பட்டது. எங்கள் ஹாஸ்டல் கேன்டீனுக்குள் நுழைந்தாலே அந்த வாசனைதான். அதற்கு நடுவில் பெரிய கரண்டியோடு தோமா நிற்பார்.

தமாரா என்ற பெயரைச் சுருக்கி அங்கே தோமா என்பார்கள். எங்கள் ஊரில் தோமா என்றால் மீசை வைத்த நஸ்ராணி, அதாவது கிறிஸ்தவ மாப்பிள்ளை. நாங்கள் கொச்சிக்காரப் பிள்ளைகள் சிரித்துத் தீர்த்துவிட்டு, அக்கா முறை வைத்து 'தோமாச்சேச்சி' என்று வைத்துக்கொண்டோம். ஐம்பதை ஒட்டிய வயது, வெள்ளை ஏப்ரன், வலது மணிக்கட்டில் சூப் அண்டா சுட்ட தழும்பு, காசு அகலத்துக்கு. என் தட்டில் பீட்ரூட் சூப்பை ஊற்றுவார். நான் "மதி, மதி" என்பேன். சேச்சி ஒரு கணம் என்னைப் பார்ப்பார். கண் கலங்கும். இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

மூன்று மாதம் இப்படி. நான் சத்தமாக மதி சொல்லச் சொல்ல அவரும் கூடுதலாக ஊற்றினார். வீட்டிலிருந்து கொண்டுபோன சுடிதார் ஒன்றும் ஏறவில்லை. இந்த அம்மாளுக்கு என்மேல் என்ன பகை என்று நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை. பிறகு ஒரு நாள் மொழி வகுப்பில் குடும்பப் படம் ஒன்றைக் காட்டி, ஒவ்வொருவரையும் தொட்டு டீச்சர் பெயர் சொன்னார். அம்மாவைத் தொட்டு, 'மாத்' என்றார். கடைசியில் ஒரு 'இ' பாதி விழுங்கியபடி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் கடந்து வந்த ஒரு பெண் தினமும் சோற்றுத் தட்டை நீட்டிக்கொண்டு 'அம்மா, அம்மா' என்று அழுவதாக சேச்சி நினைத்திருக்கிறார்.

தெரிந்த நாலு சொல்லைக் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போய் விளக்கினேன். எங்கள் மதி வேறு, உங்கள் மாத் வேறு, எங்களுடையது போதும் என்று பொருள். சேச்சி கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். அப்படியானால் உனக்கு அம்மா ஞாபகம் வரவில்லையா என்று கேட்டார். நான் நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்க்க. அன்றைக்கும் இரண்டு கரண்டிதான்.

மூன்றாம் வருடம் வார்டுக்குப் போனோம். அப்பா கேட்ட கேள்வி அங்கே கட்டிலில் படுத்திருந்தது. ஒரு நோயாளிக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஏன் தெரிய வேண்டும்? அவர்கள் ஊர், அவர்கள் வலி. எங்களோடு வந்த இரண்டு பேர் அந்த வருடமே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஏஜென்டைக் கூப்பிட்டால், அந்த நம்பர் 'நிலவில் இல்லை' என்று மலையாளத்தில் பதிவுக் குரல் சொன்னது. உபயோகத்தில் இல்லையாம். தமிழ்க் காதுக்கு, அந்த ஆள் நிலாவில் போய்த் தேடினாலும் கிடைக்க மாட்டார் என்று கேட்டது.

என்னைக் காப்பாற்றியது கேன்டீன் வரிசைதான். யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. சேச்சிக்கு முழங்கால் வலி, அவரோடு வேலை செய்தவர்களுக்கு இடுப்பு வலி, நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. குத்தினால் 'கோலெத்'. இழுத்தால் 'தியானெத்'. விடாமல் உளைந்தால் 'நோயெத்'. இந்தக் கடைசிச் சொல் எனக்கு அன்னியமாகவே படவில்லை, யாரோ நம் ஆள்தான் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். முதல் நாள் வார்டில் ஒரு பழைய டிராம் டிரைவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு 'நோயெத்' என்றபோது, பத்துப் பேரில் நான் ஒருத்திதான் தலையாட்டினேன்.

பட்டம் வாங்கிய அன்று கேன்டீனில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். சேச்சி ஏப்ரனைக் கழற்றப் போனார், நான் விடவில்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, சிரிக்கத் தெரியாமல் விறைப்பாக நின்றார். ஊருக்கு வந்த பிறகு அந்த ஏஜென்ட் புது நம்பரிலிருந்து கூப்பிட்டு, ஞாபகத்துக்கு ஒரு படம் கேட்டார். பட்டம் வாங்கிய குஷியில், பழசையெல்லாம் மறந்து அனுப்பிவைத்தேன். அப்புறம் ஒரு நாள் மட்டாஞ்சேரி போட் ஜெட்டியில் படகிலிருந்து இறங்கும்போது என் போன் காயலில் விழுந்தது. வேறெங்கும் ஒரு நகல் வைக்கவில்லை. ஆறு வருடம் படித்தவளின் புத்தி இவ்வளவுதான். படத்தை எடுத்துக்கொடுத்த தோழியிடமும் இப்போது இல்லை.

ஆகவே அன்று நான் மாடியேறியது, என் முகத்தை வைத்துப் பொய் விற்கிறாரே என்று சண்டை போடுவதற்கு மட்டும் இல்லை. முழுப் படம் உலகத்தில் அந்த ஆளிடம் மட்டும்தான் இருந்தது.

"டாக்டரே, வரூ, இரிக்கூ" என்றார். நான் உட்காரவில்லை. நான் டாக்டர் இல்லை, நான் படித்தது மாஸ்கோவில் இல்லை, இங்கிலீஷ் அங்கே மதியாகவும் இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்ல படம் அல்லே மோளே? நீ சிரிக்கிறது கண்டுட்டுத்தான் பிள்ளேரு வர்றது."

"என்கூட நின்ன சேச்சி எவிடெ?"

"எந்து சேச்சி?" என்று நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஞாபகம் வந்தது. "ஓ, ஆ குக்கோ."

என் காது சுட்டது. போர்டைப் போட்டுப் பிழைக்கிற இந்த மனிதர் ஆறு வருடத்தில் ஒரு தடவை போனை எடுக்கவில்லை. அந்த 'குக்' ஒரு நாள்கூட எனக்குச் சோறு போடத் தவறவில்லை. வெட்டப்பட்டது யார், மிஞ்சியது யார் என்று பாருங்கள். முழுப் படத்தைக் கேட்டேன். போன் மாற்றிவிட்டாராம், டிசைன் செய்த கடையில் கேட்கச் சொன்னார்.

கடை தோப்பும்படியில்தான் இருந்தது. டிசைன் செய்தவள் என் வயதுப் பெண், பள்ளுருத்தித் தமிழ்க்காரி. வேலை முடிந்தால் மூலப் படத்தை வைத்துக்கொள்வதில்லை என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, சொன்னதைச் செய்தவள். "ஏப்ரன் கட்டின ஆள் டாக்டர் போர்டுக்குச் சேராதுன்னு எடுக்கச் சொன்னாங்கக்கா. கை மட்டும் உங்க தோளோட ஒட்டியிருந்துச்சு. வெட்டினா உங்க தோள் போயிரும்." பிறகு, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தோ என்னவோ, இதையும் சொன்னாள்: "மணிக்கட்டுல ஒரு கறை இருந்துச்சு. அத க்ளீன் பண்ணிட்டேன்."

திரும்பவும் மாடியேறினேன். இந்தத் தடவை சதகுப்பையும் என்னை நிறுத்தவில்லை. வக்கீல், போலீஸ், கேஸ் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "மதி. இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துடணும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆறுமுகண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். நான் டாக்டர் இல்லை என்பது அவருக்கு இத்தனை நாளாகத் தெரியாது. சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது. அவர் அந்த ஏஜென்டை விட்டுவிட்டார். திவ்யா விடவில்லை. போவேன், ஆனால் பாஷை படித்துவிட்டுத்தான் போவேன் என்கிறாள். இப்போது போனில் ரஷ்ய எழுத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டுகிறாள்.

என் பழைய ஹாஸ்டலில் இப்போது படிக்கிற கொச்சிப் பெண் ஒருத்தியை விசாரித்துப் பிடித்துக் கேட்டேன். கேன்டீனே இல்லையாம். அந்த இடத்தில் காசு போட்டால் காப்பி தரும் மிஷின் நான்கு நிற்கிறதாம். தோமாவா, யார் அது என்றாள். சேச்சியின் முழுப்பெயர் எனக்கே தெரியாது, வீடு தெரியாது. ஆறு வருடம் அவர் கையால் சாப்பிட்டவள் அதைக் கேட்டு வைக்கவில்லை.

சண்டை போட்ட மறுநாள் தோப்பும்படியில் பஸ் நின்றபோது எட்டிப் பார்த்தேன். போர்டு இல்லை. கம்புச் சட்டம் மட்டும் நின்றது, மூலையில் கயிற்றுத் துண்டு. அந்த ஃப்ளெக்ஸையாவது கேட்டு வாங்கியிருக்கலாம் என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. இறங்கி ஓடினேன். மீன் பெட்டி மூட ஹார்பர்காரர் யாரோ சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். கடையில் கேட்டால், கேஸ் வரும் என்று பயந்து கடைக் கம்ப்யூட்டரில் இருந்த டிசைனையும் ஏஜென்ட் அழிக்கச் சொல்லிவிட்டாராம்.

நான் சொன்ன 'மதி' அதே பொருளில் அந்த ஆளுக்கு மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறது. தோமாச்சேச்சியாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றியிருப்பார்.